கோரைத்திட்டுப் படகின் பதினான்காவது கட்டம்

கோரைத்திட்டு ஜனங்கள் கேட்டது ஒரு படகு. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். போகப் போக மறந்துபோகும். ஆபீசில் இருந்தவர்களுக்கு இரண்டாம் வாரமே மறந்துபோயிற்று.

திட்டு கொள்ளிடத்துக்கு நடுவில் இருக்கிறது. எண்பது வீடு, எல்லாம் கூலிவேலைக் குடும்பங்கள். கோடையில் மணலில் நடந்தே அக்கரை போய்விடலாம். ஆடியில் தண்ணீர் வந்துவிட்டால் தை முடிய படகுதான். அந்தப் படகு பண்ணையாருடையது. தள்ளியவன் மருதையன். பதினெட்டு வருஷம் மூங்கில் கழி பிடித்து இரண்டு உள்ளங்கையும் காய்த்துப் போனவன். அந்தத் தை அறுவடையில் ஆட்கள் கூலி நெல்லை அரைப்படி கூட்டிக் கேட்டார்கள். களத்து மேட்டில் செங்கொடி ஒன்றும் நட்டார்கள். பண்ணையார் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. படகை அக்கரையில் இழுத்துப் போட்டுச் சங்கிலியால் பூட்டினார், அதை யாரும் தொடக்கூடாது என்று கோர்ட்டில் ஒரு தடை உத்தரவு வாங்கினார், மாயவரம் வீட்டுக்குப் போய் ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டார்.

ஊர் மனுக் கொடுத்தது. நம் ஆட்சி, தமிழன் ஆட்சி, ஏழை ஆட்சி என்று தெருவுக்குத் தெரு மைக் கட்டிச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. மனுவைத் தூக்கி எறிந்தார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். இருபதே நாளில் பதில் வந்தது. கோரைத்திட்டுத் துறையை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. இனி அங்கே தனியார் படகு ஓடினால் தண்டனை. ‘நதிவழிப் பயண நலக் குழு’ என்று ஒன்று அமைத்து அதுவே படகு விடும் என்று தண்டோரா போட்டார்கள். ஊரே கைதட்டியது. பண்ணையார் படகும் ஓடாது, வேறு படகும் ஓடக்கூடாது என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று கைதட்டி முடித்த பிறகு உறைத்தது.

குழுவுக்குத் தலைவர் தியாகராசன். தோளில் போட்ட துண்டு முழங்காலைத் தொடும். மேடையில் வாயைத் திறந்தால் அடுக்குமொழி அருவியாகக் கொட்டும். திட்டுக் கூட்டத்தில் அவர் மருதையனை, உழைப்பின் உருவமே, ஓடத்தின் உயிரே, மருதையனாரே என்று அழைத்தார். மறுநாள் மாயவரம் ஆபீசில், யோவ், செருப்பை வெளியே விட்டுவிட்டு வா என்றார். மருதையன் பிறந்தது முதல் செருப்புப் போட்டதில்லை. இருந்தாலும் ஒரு தடவை வெளியே போய்விட்டு உள்ளே வந்தான்.

பயன்படுத்தப் போகிறவர்களில் ஒருவர் குழுவில் இருக்கவேண்டும் என்று விதி. அப்படித்தான் மருதையன் ‘பயனாளிப் பிரதிநிதி’ ஆனான். அவனுக்கென்று ஒரு நாற்காலி ஒதுக்கிப் பெயர்கூட எழுதி ஒட்டினார்கள். அதன்மேல் ஃபைல்கள் அடுக்கியிருந்தன. நடந்த பதினோரு கூட்டத்திலும் அவை அடுக்கியே இருந்தன. அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான்.

முதல் கூட்டத்துக்கு நாகூரிலிருந்து படகு கட்டும் அப்துல் ஹமீது வந்திருந்தார். மரம் தயார், ஆள் தயார், நாற்பது நாளில் கட்டி ஆனி முடிவதற்குள் தண்ணீர்த் துறையில் நிறுத்திவிடுகிறேன், முப்பது பேர் தாராளமாக ஏறலாம் என்றார். மருதையனுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்போதுதான் எஞ்சினியர் பஞ்சநதம் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

அவருடைய இலாகா அதுவரை வாங்கிய ஒரே படகு, மலையூர் ஏரியில் பெரிய மனிதர்கள் உலாவுவதற்கு வாங்கியது. அதற்காக அச்சடித்த படிவத்தில் இரண்டாயிரம் மிச்சம் இருந்தது. அதன் பதினான்காவது கட்டம் இப்படிக் கேட்டது: ‘படகில் பொருத்தப்படும் குளிர்சாதனம், வெப்பசாதனம் ஆகியவற்றின் வகை, திறன், காரணம்.’

ஹமீது அதை இரண்டு தடவை படித்தார். இது ஆற்றுப் படகு, மேலே கீற்றுக் கூரை போட்டாலே காற்று பிய்த்துக்கொண்டு போகும், தேவையில்லை என்று எழுதிவிடலாமே என்றார். பஞ்சநதம் பரிதாபமாகச் சிரித்தார். தேவை என்று எழுத அவருடைய கையெழுத்தே போதும். தேவையில்லை என்று எழுத ‘தேவையின்மைச் சான்று’ வேண்டும். அதைக் கொடுக்கும் அதிகாரி சென்னையில் ஒருவர்தான். அந்த நாற்காலி ஆறு வருஷமாகக் காலி. சரி, கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டால் என்ன என்று ஹமீது கேட்டதும் பஞ்சநதத்தின் முகம் வெளிறிவிட்டது. வெறும் கட்டம் உள்ள படிவத்தை எந்த மேஜையும் வாங்காது என்று, இழவுச் செய்தி சொல்கிறவரைப் போல் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

ஹமீது எழுந்துவிட்டார். வாசலில் மருதையன் தோளைத் தொட்டு, “மருதையா, படகுன்னா மிதக்கணும். அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். இவங்க வேற ஏதோ வாங்கப் போறாங்க” என்று சொல்லிவிட்டு நாகூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

இதற்குப் பிறகுதான் மருதையன் ஒரு தப்பைச் செய்தான். வெயில் காலத்தில் படகில் புழுக்கம் இருக்கும், ஆகவே குளிர்சாதனம் தேவை என்று குழு ஏகமனதாக முடிவு செய்தது. வெயில் காலத்தில் ஆற்றில் தண்ணீரே இருக்காது, படகும் ஓடாது என்பதைச் சொல்ல அவன் வாயெடுப்பதற்குள் கட்டத்தின் அடுத்த பாதியான வெப்பசாதனத்துக்குப் போய்விட்டார்கள். மழைக்காலத்தில் படகில் குளிர் உண்டா, இல்லையா என்று தலைவர் அவனையே கேட்டார். மருதையன் பொய் சொல்லிப் பழகாதவன். ஐப்பசிச் சாரலில் ஆஸ்பத்திரியிலிருந்து பச்சை உடம்போடு திரும்பிய பெண்கள், பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு படகு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது அவன் நினைவுக்கு வந்தது.

“குளிரு உண்டுங்க ஐயா. பிள்ளை பெத்து வர்ற பொம்பளைங்கதான் நடுங்குவாங்க. கொஞ்சம் கதகதப்பா ஏதாச்சும் இருந்தாப் புண்ணியமாப் போவுங்க” என்றான்.

அவன் மனதில் இருந்தது பக்கவாட்டில் தொங்கவிடும் ஒரு தார்ப்பாய். நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறியது, ‘பயனாளிப் பிரதிநிதி வெப்பசாதனம் வேண்டுமென வலியுறுத்தினார்’ என்பது. அதன்பிறகு கூட்டம் இல்லாத நாளில் ஆபீசுக்குப் போய், படகு எப்போது வரும் என்று அவன் எத்தனை தடவை கேட்டாலும் அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார்கள். நீ கேட்டதைத்தானய்யா பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள்.

எத்தனை டன் சாதனம் வேண்டும் என்று கணக்கிட ஆள் ஒன்றுக்கு உடம்புச் சூடு இவ்வளவு என்று பஞ்சநதம் எழுதிக்கொண்டே வந்தார். கர்ப்பிணி என்று வந்ததும் பேனா நின்றுவிட்டது. கர்ப்பிணி ஒரு ஆளா, இரண்டு ஆளா? முக்கால் மணி நேரம் விவாதம் நடந்தது. உள்ளே இருப்பது சூட்டை வெளியே விடுகிறதா, தனக்கே வைத்துக்கொள்கிறதா என்று ஒருவர் கேட்டார். கடைசியில் கர்ப்பிணி ஒன்றரை ஆள் என்று தீர்மானம் ஆயிற்று. மருதையனும் கைநாட்டு வைத்தான். அவன் மகள் செவ்வந்தி முழுகாமல் இருக்கிறாள் என்று அந்த வாரம்தான் சேதி வந்திருந்தது. அவளை நினைத்துக்கொண்டு, ஒன்றரை என்பதுகூட மரியாதையாகத்தான் இருக்கிறது என்று எண்ணினான். அப்பாவி.

பிறகு ஆய்வு. வெப்பத்தை ஆராயச் சித்திரையில் குழு கொள்ளிடத்துக்கு வந்தது. காய்ந்த மணலில் பந்தல் போட்டு, படகு போகவேண்டிய பாதையில் ஜீப்பிலேயே போய், ஏழு நிமிஷத்தில் அக்கரை சேர்ந்து, வெப்பம் கடுமை என்று குறித்துக்கொண்டது. குளிரை ஆராய வைகாசியில் குடும்பத்தோடு மலையூர் போனது. மருதையனிடம் ஸ்வெட்டர் இல்லாததால் அவனை விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வரும்போது எல்லோரும் தைல பாட்டிலும் தொண்டைக் கரகரப்புமாக வந்தார்கள். குளிர் இருப்பது நிரூபணமாயிற்று.

வகையைத் தேர்ந்தெடுப்பதுதான் மிச்சம். ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சிக் குளிரவைக்கும் யந்திரம் ஒன்று. வெள்ளத்தில் சேறு வந்து குழாய் அடைத்துக்கொள்ளும் என்றார்கள். அதற்காக, ஆற்றில் தெளிந்த தண்ணீர் மட்டும் விடும்படி அணைக்கு ஒரு கடிதம் போயிற்று. பாதி உள்ளே, பாதி கூரைமேல் உட்காரும் யந்திரம் இன்னொன்று. படகு ஒரு பக்கம் சாயும் என்றார்கள். மறுபக்கம் வெப்பசாதனத்தை வைத்துச் சமன்செய்யலாம் என்று முடிவாயிற்று. இவற்றை ஓட்ட ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டரைத் தாங்கப் பெரிய படகு வேண்டும். பெரிய படகைக் குளிரவைக்கப் பெரிய யந்திரம் வேண்டும். அதை ஓட்ட இன்னும் பெரிய ஜெனரேட்டர். இப்படி நாலு தடவை சுற்றியதில் ஆனி போய்விட்டது.

இரண்டு வேலையையும் ஒரே யந்திரம் செய்யும் வகை ஒன்று இருக்கிறது, விசையைத் திருப்பினால் போதும், எடையும் குறைவு என்று பஞ்சநதம் தயங்கித் தயங்கிச் சொன்னார். மனிதருக்கு வேலை தெரியாமல் இல்லை. தலைவர் மேஜையைத் தட்டினார்.

“காலையில் குளிர், மாலையில் வெப்பம் என்று கொள்கை மாறும் கருவிக்கு நம் படகில் இடமில்லை!” என்றார். அவர் அதுவரை மூன்று கட்சி மாறியிருந்தார். “ஏழைக்குப் படகு கொடுக்க எவனாலும் முடியும். ஏழையைக் குளிரக் குளிரக் கரைசேர்ப்பதே நம் குறிக்கோள். அதற்காக அவன் கரையிலேயே காத்துக் கிடந்தாலும் நமக்குக் கவலையில்லை.” எல்லோரும் கைதட்டினார்கள். கை தானாகத் தட்டிப் பழகியிருந்ததால் மருதையனும் தட்டினான்.

ஆடியில் ஆறு வந்துவிட்டது. வாழை மரங்களை வெட்டி மூங்கிலில் கோத்துத் தெப்பம் கட்டி ஜனங்கள் போய்வந்தார்கள். அதுவும் சட்டப்படி குற்றம்தான். கண்டுகொள்ள யாரும் வரவில்லை, வருவதற்குப் படகு இல்லை.

ஆவணி முதல் வாரம் லாரியில் இரண்டு பெரிய மரப்பெட்டிகள் வந்து இறங்கின. ஒன்றில் குளிர்சாதனம், மற்றதில் வெப்பசாதனம். சாதனங்களைப் படகில் பொருத்தும் இடம் கோரைத்திட்டு என்று ஃபைலில் இருந்ததால், பெட்டிகளைத் திட்டில்தான் ஒப்படைக்கவேண்டும் என்றார்கள். பன்னிரண்டு பேர் கழுத்தளவு தண்ணீரில் தெப்பத்தைத் தள்ளி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் வைத்து அரக்கு முத்திரை போட்டார்கள். பிள்ளைகள் புளியமரத்தடிக்குப் போனார்கள். காவல் பொறுப்பு மருதையனுக்கு. முத்திரை உடைந்தால் ஜெயில் என்று படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கினார்கள். பெட்டியின் நாலு பக்கமும் ‘நனையக் கூடாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

செவ்வந்திக்கு அது ஏழாம் மாதம். அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது மாயவரத்தில். புருஷன் வீரையன் அரிசி மில்லில் வேலை. பெரிய ஆஸ்பத்திரியின் மணி அடித்தால் அவர்கள் வீட்டுக்குக் கேட்கும். ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்கவேண்டும் என்பது வழக்கம். மருதையன் மனைவி நீலாம்பாளும் ஒரே மகளைக் கூட்டிவந்து சோறு போடவேண்டும் என்று நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆற்றை நினைத்து அவன்தான் தயங்கிக்கொண்டிருந்தான். பெட்டிகளைப் பார்த்ததும் தயக்கம் போய்விட்டது. யந்திரமே வந்துவிட்டது, படகு வராமல் எங்கே போகும்? பஞ்சநதத்தையும் போய்க் கேட்டான். புரட்டாசிக்குள் வந்துவிடும் என்று அவரும் தலையை ஆட்டினார்.

மாயவரத்தில் வளைகாப்பு அன்று வீரையன் மாமனாரைத் தனியாகக் கூப்பிட்டு, ஆறு நிறைய ஓடுகிறதே, பிரசவம் இங்கேயே ஆகட்டுமே என்று மெல்லச் சொன்னான்.

“கவலையே படாதீங்க மாப்பிள்ளை. உங்க பொண்டாட்டி ஏர் கண்டிஷன் படகுல வந்து பிள்ளை பெத்துக்கப் போறா. யாருக்குக் கிடைக்கும்?” என்றான் மருதையன். கூடியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். செவ்வந்தியும் இரண்டு கை வளையலும் குலுங்கச் சிரித்தாள்.

வளைகாப்பு முடிந்து அவளைத் தெப்பத்தில் வைத்தே திட்டுக்குக் கூட்டிவந்தார்கள். புரட்டாசி போயிற்று, படகு வரவில்லை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கடைசி வாரம் மூன்று நாள் விடாத மழை. நாள் இன்னும் இருக்கும்போதே செவ்வந்திக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. பிரசவம் பார்க்கும் ராஜாத்தி ஒரு பகலும் ஒரு இரவும் பார்த்துவிட்டு, காலையில் வெளியே வந்து, “இதுக்கு மேல என் கையில இல்ல அண்ணே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுங்க” என்றாள்.

தெப்பம் இருந்தது. ஆனால் வாழை மரங்களின் இடுக்கில் தண்ணீர் பொங்கி வழிந்தது. அதில் அவளை எப்படிப் படுக்கவைப்பது? மருதையன் கோடாலியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினான். அரக்கு முத்திரை தெறித்து விழுந்தது. வெப்பசாதனப் பெட்டியின் பலகைகளைப் பெயர்த்துத் தெப்பத்தின்மேல் பரப்பினான். ‘நனையக் கூடாது’ என்ற எழுத்தின்மேல் மகளைக் கிடத்தினான். உள்ளே இருந்த யந்திரம் பளபளவென்று சும்மா நின்றது. ஊரில் மின்சாரம் கிடையாது. இருந்தாலும் அதைத் தெப்பத்தில் ஏற்றியிருக்க முடியாது.

நீலாம்பாளும் ராஜாத்தியும் கூட ஏறிக்கொண்டார்கள். நாலு பேர் நீந்தித் தள்ள, அவன் கழி போட்டான். நடு ஆற்றில் வெள்ளம் தெப்பத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பிள்ளை அங்கேதான் பிறந்தது. பெண் குழந்தை. பிறந்தவுடன் அழுதது, நன்றாக அழுதது. மழை இரைச்சலிலும் அதைக் கேட்டு நீந்தியவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ராஜாத்தி தன் முந்தானையில் சுற்றினாள், முந்தானை ஈரம். மருதையன் துண்டைக் கொடுத்தான், துண்டும் ஈரம். அந்தத் தெப்பத்தில் காய்ந்த துணி என்று ஒரு சாண் இல்லை. நீலாம்பாள் பிள்ளையை நெஞ்சுக்குள் வைத்து ஊதி ஊதிப் பார்த்தாள். கரை தட்ட ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அழுகை நடுவிலேயே சிணுங்கலாகி, பிறகு அதுவும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் செவ்வந்தி பிழைத்துக்கொண்டாள். பிள்ளையைப் பார்த்த டாக்டரம்மா, உடம்பில் ஒரு குறையும் இல்லை, குளிரில் போய்விட்டது, கொஞ்சம் சூடு கிடைத்திருந்தால் போதும் என்று சொன்னார். மருதையன் வராந்தாவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நான்தானே கூட்டிவந்தேன், நான்தானே கூட்டிவந்தேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். வீரையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

பதினோராவது கூட்டம் முத்திரை உடைந்ததைப் பற்றி. அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியது ஒரு குற்றம். அறிவிக்கப்பட்ட துறையில் அனுமதி இல்லாத தெப்பத்தில் ஆளேற்றியது இன்னொரு குற்றம். எத்தனை ஆள் என்று குமாஸ்தா எழுதவேண்டியிருந்தது. தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கர்ப்பிணி ஏறும்போது ஒன்றரை ஆள், கரையில் இறங்கும்போது ஒரு ஆள், வித்தியாசம் அரை ஆள் என்று எழுதிக்கொள்ளலாமா என்று தலைவரைக் கேட்டார்.

தலைவர் தலையசைப்பதற்குள் மருதையன் பேசினான். பதினோரு கூட்டத்தில் யாரும் கேட்காமலே அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

“அரை இல்லைங்க. முழுசா இருந்துச்சு. விரலு, நகம் எல்லாம் இருந்துச்சுங்க. அழுதுச்சு.”

பஞ்சநதம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு, தீர்மானத்தைத் திருத்துவதானால் குழு மறுபடி கூடவேண்டும் என்பதால் அரை என்றே எழுதினார்கள். தலைவர் பெருந்தன்மையாக வழக்கை விட்டுக்கொடுத்தார். படகுத் திறப்பு விழாவில் பயனாளி சார்பில் மருதையன் நன்றி சொல்லவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

மாசியில் படகு வந்தது. நிஜமாகவே வந்தது, கப்பல் மாதிரி இருந்தது. ஆறு அதற்குள் வற்றிவிட்டதால் மடுவில் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி அதில் நிறுத்தி, தோரணம் கட்டி, ஜெனரேட்டரை ஓடவிட்டார்கள். எடை தாங்காமல் அடி மணலில் உட்கார்ந்துகொண்டது. அசையாமல் இருப்பது பயணிகளுக்குப் பாதுகாப்பு என்று தியாகராசன் பேசினார். படிவத்தில் இருபத்தேழாவது கட்டம் ஒன்று பாக்கி இருந்தது: ‘பயனாளியின் கருத்து.’ அது வெறுமனே இருக்கக்கூடாது. பஞ்சநதம் மருதையனை உள்ளே அழைத்துப்போய் வெப்பசாதனத்தின் முன்னால் நிறுத்தி விசையைப் போட்டார்.

சூடு வந்தது. மருதையன் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான், யாரோ கொடுக்கும் கைக்குழந்தையை வாங்கிக்கொள்வதுபோல. அப்படியே வெகுநேரம் நின்றான். சூடு எப்படி இருக்கிறது என்று பஞ்சநதம் கேட்டார்.

“சூடு நல்லா இருக்குங்க. ஐப்பசியில வந்திருந்தா எம் பேத்தி இருந்திருக்கும்.”

பஞ்சநதம் முதல் வாக்கியத்தை எழுதினார். கட்டம் நிறைந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தார், பிறகு மை டப்பியைத் திறந்து நீட்டினார். மருதையன் கைநாட்டு வைத்தான்.

வெளியே தலைவர் நன்றியுரைக்கு அவனைப் பெயர்சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார். மருதையன் படகின் மறுபக்கம் இறங்கினான். ஆற்றில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திட்டை நோக்கி நடந்தே போனான். உள்ளங்கை மட்டும் பாதி தூரம் வரைக்கும் சூடாக இருந்தது.